சேலத்தில் கெலித்தவர்

கோழி வேலிக்கும் எருக்குழிக்கும் நடுவே புகுந்து மறுபடியும் தப்பித்துவிட்டது. சென்னம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள்.

"நேரா போனா சிக்காது சென்னா," என்றான் தீர்த்தகிரி. வாசலில் ஸ்டூலைப் போட்டு, முதுகில் வெயில் படும்படி உட்கார்ந்திருந்தான். தை மாதக் குளிருக்குக் காதுவரை மப்ளர். "குதிர மாதிரி போ. ரெண்டு எட்டு நேரா வெச்சு, சட்டுனு பக்கவாட்டுல ஒண்ணு வையி."

"குதிரயும் வேணாம், யானயும் வேணாம். உக்காந்த எடத்துலருந்தே அந்தப் பக்கம் கைய வீசுங்க, போதும்."

அவன் வீசினான். கோழி மிரண்டு திரும்பியது. சென்னம்மாள் அப்படியே அதன்மேல் விழுந்து இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடித்துவிட்டாள். முழங்கையெல்லாம் புழுதி. தலைமயிரில் ஒரு சிறகு ஒட்டியிருந்தது. தீர்த்தகிரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கடைசியில் நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு, "போதும்டி, போதும்," என்றான், அவள்தான் ஏதோ செய்து தன்னைச் சிரிக்க வைப்பதுபோல.

"வர்றவரு கறி திம்பாரா? கேட்டீங்களா?"

"ராயக்கோட்டையில புளி மண்டி வெச்சிருக்கறவரு மவன். திங்காமயா இருப்பான்? நல்லா காரமா வையி. தின்னுட்டு அவனுக்குத் தூக்கம் வரணும். அப்பத்தான் நான் ரெண்டு ஆட்டமாச்சும் கெலிக்க முடியும்."

எழுந்தான். ஸ்டூலைத் தூக்கப் போனவன் தூக்காமல் விட்டுவிட்டு, "செத்த படுத்துக்கறேன். பஸ்ஸு வர்ற நேரத்துக்கு எழுப்பு," என்று சொல்லி உள்ளே போனான்.

பக்கத்து வீட்டுச் சரசம்மா கோழியை அறுத்துச் சுத்தம் செய்ய வாங்கிக்கொண்டு போனாள். சென்னம்மாள் கைகால் கழுவி, அடுப்பை ஊதி, காப்பி வைத்தாள். டம்ளரோடு உள்ளே போனபோது தீர்த்தகிரி ஒருக்களித்துப் படுத்திருந்தான். எதிரே பெஞ்சின்மேல் சதுரங்கப் பலகை. விருந்தாளி வருகிறாரென்று முந்தின நாளே காய்களைத் துடைத்து அடுக்கி வைத்திருந்தான். பாதி மூடிய கண்களோடு அதைப் பார்த்தபடி கிடந்தான்.

அவள் நிலைப்படியிலேயே நின்றாள். இப்படிக் கிடந்தால் மனசுக்குள் ஆட்டம் ஓடுகிறதென்று அர்த்தம். அப்போது கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வரும். கல்யாணமான புதிதில் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதனால் டம்ளரின் சூடு உள்ளங்கையில் ஏறுவதைச் சேலைத் தலைப்பால் தாங்கிக்கொண்டு, அவனே திரும்பட்டும் என்று காத்திருந்தாள். காப்பியில் ஆவி குறைந்தது. மேலே ஆடை படிந்தது. எங்கிருந்தோ ஒரு ஈ வந்து அவன் கண்ணோரத்தில் உட்கார்ந்தது.

கண் இமைக்கவில்லை.

* * *

வெயில் ஏறுவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. மூக்கண்டப்பள்ளி சின்ன ஊர். ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் கடைசி வீட்டு அடுப்பு அணைந்துவிடும். ஆண்கள் இரண்டு பேர் மூங்கில் வெட்டப் போனார்கள். ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கெலவரப்பள்ளிக்கு ஓடினார். தீர்த்தகிரியின் அண்ணன் திம்மராயனும் அம்மா வெங்கடம்மாவும் அங்கேதான் ஆற்றோரத்தில் ராகி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உடம்பைக் கிடத்த நடுவீட்டில் இடம் வேண்டியிருந்தது. சரசம்மா பெஞ்சை நகர்த்தினாள். பலகையைப் பார்த்துத் தயங்கினாள்.

"சென்னா, இந்தப் பொம்மைங்கள என்னா பண்றது?"

சரசம்மா ஒரு முறத்தை எடுத்து வந்து, ராஜா, யானை, சிப்பாய் எல்லாவற்றையும் கையால் ஒரே வழியாக அதில் தள்ளி, அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

தீர்த்தகிரியின் நெஞ்சுக்குள் ஒரு கதவு சரியாக மூடுவதில்லை என்று பெங்களூர் டாக்டர் சொல்லியிருந்தார். அப்போது அவன் பெங்களூரில் ஒரு பாக்டரியில் லேத்து மிஷினில் நின்றுகொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் காண்டீன் மேஜையில் பலகை விரித்துவிடுவார்கள். அங்கே பழகியதுதான் இந்த ஆட்டம். ஒருநாள் மிஷின்மேலேயே மயங்கி விழுந்தான். பாக்டரியில் பரிசோதித்துப் பார்த்து, வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, ரொம்ப தூரம் பஸ்ஸில் போகக்கூடாது, மனசு பதறுகிற காரியம் எதுவும் கூடாது என்றார் டாக்டர்.

"மனசு பதறாத காரியம் ஏதாச்சும் ஒண்ணு இருந்தா சொல்லுங்க சார், அத மட்டும் செய்யறேன்," என்று இவன் கேட்டான். டாக்டர் சிரிக்கவில்லை.

ஊருக்கு வந்தபிறகு பல மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். சாப்பிடு என்றால் சாப்பிடுவான், படு என்றால் படுப்பான். குழந்தையும் இல்லாத வீட்டில் அந்த மௌனத்தோடு சென்னம்மாள் தனியாக மல்லுக்கட்டினாள். பிறகு ஓசூரில் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. அந்த வக்கீல்தான் பத்திரிகையைக் காட்டிச் சொன்னார். சேலத்தில் ஜில்லாப் போட்டி நடக்கிறது. அதில் முதலாவதாக வருகிறவர் மெட்ராசுக்குப் போகலாம். மெட்ராசில் எல்லா ஜில்லாக்காரர்களும் ஆடி, மேலே வருகிற இரண்டு பேருக்கு அகில இந்தியப் போட்டியில் இடம்.

பழைய பாக்டரி சிநேகிதர்கள் இதைக் கேட்டுவிட்டு ஆள் அனுப்பினார்கள். நூறு மைல் தாண்டிச் சேலத்துக்கு எதற்கு, பெங்களூரிலேயே ஆடு, எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடு, மைசூர் மாநிலத்துக்காரனாகப் போட்டியில் சேர்ந்துகொள் என்றார்கள். கூப்பிடு தூரத்தில்தான் எல்லைக் கல். தீர்த்தகிரி ஒப்பவில்லை.

"கெலிச்சப்பறம் எவனாச்சும், நீ எந்த ஊருன்னு கேட்டா? முழிக்கணும். அப்படி ஒரு கெலிப்பு எனக்கு வேணாம். நான் ஓசூர் தாலுகாக்காரன், சேலத்துல போயி ஆடறேன்," என்றான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "போவட்டுமா சென்னா?"

டாக்டர் சொன்னது இருவருக்கும் தெரியும். அவனுடைய முகத்தில் சுவர் பார்த்த நாட்களின் சாயல் ஒரு துளியும் இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

"போங்க," என்றாள்.

சேலத்திலிருந்து திரும்பி வந்தபோது அவன் பாதங்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினான். "முதலாவது," என்றான். வேறெதுவும் சொல்லத் தெரியாதவனைப்போல வீடு வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

* * *

வண்டி வாசலில் நிற்பதற்கு முன்பே வெங்கடம்மாவின் குரல் வந்துவிட்டது. திம்மராயன் கையைப் பிடித்து இறக்கினான். அவள் அவனை உதறிவிட்டு உள்ளே வந்து மகனின் காலடியில் விழுந்தாள். நெற்றியை அவன் பாதத்தில் தேய்த்தாள். "ஏனு மாடலி, சிவனே, ஏனு மாடலி," என்று, என்ன செய்வேன் எனக் கன்னடத்தில் ஆரம்பித்து, தமிழுக்கு வந்து, மறுபடி கன்னடத்துக்குப் போனாள். அவளுக்குக் கோபம் தமிழில் வரும், துக்கம் கன்னடத்தில் வரும்.

கொஞ்ச நேரத்தில் தமிழுக்கு வந்தாள்.

"வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே. கட்டையில உக்காந்து கட்டைய நவுத்தற ஆட்டத்துக்கு எம் மவன் சேலத்துக்கு ஓடுனானே. கால் வீங்கி வந்தானே. யாரு அனுப்புனது? யாரு அனுப்புனது எம் புள்ளய?"

பெண்கள் சென்னம்மாளைப் பார்க்காமலிருக்க முயன்றார்கள். திம்மராயன் வாசலுக்குப் போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டான். அவன் அதிகம் பேசாதவன். தம்பி ஊருக்குத் திரும்பியபோதும் ஒன்றும் பேசவில்லை, அறுவடைக்கு அறுவடை ஒரு மூட்டை ராகியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான், அவ்வளவுதான்.

சென்னம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. காப்பி டம்ளரோடு எவ்வளவு நேரம் நின்றோம் என்பதையே மனம் சுற்றிச் சுற்றி வந்தது. நுழைந்ததும் தொட்டிருந்தால்? கூப்பிட்டிருந்தால்? கோபப்பட்டுத் திட்டியிருப்பானோ, ஒருவேளை?

அப்போதுதான் விருந்தாளி வந்தான்.

திறந்த கதவு வழியாகச் சென்னம்மாளுக்குத் தெரு முழுதும் தெரிந்தது. ஒல்லியான, உயரமான ஆள். சலவைச் சட்டை. ஒரு கையில் பை, மறு கையில் வாழை மட்டையில் கட்டிய பொட்டலம். வாசலில் கூடியிருந்த ஜனத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. சேலத்தில் ஜெயித்தவரைப் பார்க்க ஊரே வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டுவிட்டான். அதை அவள் அவன் முகத்திலேயே பார்த்தாள். எழுந்து ஓடிப்போய் அவனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட வேண்டும்போல் இருந்தது. எழ முடியவில்லை.

"நேரம் ஆயிடுச்சுங்க," என்று அவன் முதலில் நின்ற திம்மராயனிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். "சானமாவு காட்டுகிட்ட யானைங்க ரோட்டுல வந்து நின்னுக்கிச்சு. பஸ்ஸ நிறுத்திட்டாங்க. அதுங்க பாட்டுக்கு ராகிப் போரைப் பிரிச்சுத் தின்னுக்கிட்டு… தீர்த்தகிரி அண்ணன் ஊடு இதுதானுங்களே?"

திம்மராயன் அவனையே பார்த்தான்.

"நான் கங்கப்பன். ராயக்கோட்டை. இன்னிக்கி ஆடலாம் வான்னு அண்ணன்தான் சொல்லியிருந்தாரு. மெட்ராஸ் போறதுக்குள்ள நாலு ஆட்டம் பழகிக்கணும்னு…"

திம்மராயன் விலகி வழிவிட்டான். கங்கப்பன் இரண்டு எட்டு வைத்தான். நடுவீட்டில் வேட்டி போர்த்திக் கிடந்த உடம்பு, தலைமாட்டில் விளக்கு. அவன் வாய் இன்னும் சிரிப்பை விடவில்லை. பிறகு கையிலிருந்த பொட்டலம் நழுவி நிலைப்படியில் விழுந்து பிரிந்தது. புதுப்புளி. கொட்டை எடுத்து உருட்டியது, செக்கச் செவேலென்று.

"அன்னா," என்றான் தெலுங்கில். அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"யாரு இவன்?" என்று வெங்கடம்மா தலையைத் தூக்கினாள்.

யாரோ மெதுவாகச் சொன்னார்கள். சேலத்தில் இவரோடு ஆடியவராம். இரண்டாவதாக வந்தவராம்.

வெங்கடம்மா எழுந்துவிட்டாள். "இவனா? எம் மவன உக்கார வெச்சு உசுர உறிஞ்சவன் இவனா? இன்னும் என்ன ஆட வந்தே? அங்க ஆடுனது பத்தாதா? பாரு, கெடக்கறான் பாரு, ஆடு! ஆடு அவங்கிட்ட!"

கங்கப்பன் தலையைக் குனிந்து கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. வெங்கடம்மா அவன் பையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே பலகை லொடலொடவென்று சத்தம் போட்டது. வெளியே எறியப் போனாள்.

"அத்தே."

சென்னம்மாள் எழுந்து நின்றிருந்தாள். புருஷன் போனபிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"அவர உட்டுருங்க அத்தே. சேலத்துக்கு இவரு கூப்புடல. வாசல்ல நிக்கற பெரிய மாமாவும் அனுப்பல. உங்க மவன் எங்கிட்டதான் கேட்டாரு. நான்தான் போங்கன்னு சொன்னேன்."

வெளியே பாடை கட்டுகிறவர்கள் மூங்கிலைப் பிளக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"டாக்டரு சொன்னதத் தெரிஞ்சுதான் சொன்னேன். மறுபடி வந்து கேட்டாலும் போங்கன்னுதான் சொல்வேன்."

வெங்கடம்மாவின் கையிலிருந்து பை நழுவியது. மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று சரசம்மா நடுவில் வந்தாள். ஆனால் கிழவி திரும்பிப் போய், மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து, விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சத்தம் போட்டு அழவில்லை.

சென்னம்மாளுக்கு உட்கார்ந்ததும் அழுகை வந்தது. வந்தபிறகு அது லேசில் நிற்கவில்லை.

* * *

கங்கப்பன் போய்விடுவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். போகவில்லை. சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். குளிப்பாட்டத் தண்ணீர் சேந்தி, குடம் குடமாகக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். எவரும் அவனை ஏவவுமில்லை, தடுக்கவுமில்லை. நிலைப்படியில் சிந்திய புளியை அவனே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மட்டையில் கட்டினான். மிதிபடக்கூடாதென்று நினைத்தான்போல.

மேளக்காரர்கள் வந்தார்கள். பாடையைத் தூக்கும் நேரம் வந்தது. சொந்தக்காரர்கள் மூன்று பேர் தோள் கொடுத்து நின்றார்கள். பின்பக்கம் நான்காவது ஆளுக்கு, தூரத்து உறவில் ஒருவர் துண்டைச் சும்மாடு சுற்றிக்கொண்டு வந்தார். கங்கப்பன் திம்மராயனிடம் போய் நின்றான்.

"நான் தூக்கட்டுங்களா?"

"நீ எங்களுக்கு என்ன ஒறவு?" என்றான் திம்மராயன். அதட்டலாக அல்ல. மெய்யாகவே கேட்டான்.

கங்கப்பன் யோசித்தான். "அவரோட ஆடுனவனுங்க," என்றான்.

திம்மராயன் அந்தத் தூரத்து உறவுக்காரரிடம் சும்மாட்டுத் துண்டை வாங்கி, மடிப்பைச் சரிசெய்து, தானே கங்கப்பனின் தோளில் வைத்தான்.

மற்றவர்களைவிட அவன் உயரம். பாடை ஒரு பக்கம் சாயாமலிருக்க, முழங்காலை மடக்கி மடக்கி நடந்துபோனான். பெண்களோடு தெருமுனை வரை வந்து நின்ற சென்னம்மாள், புழுதி மறைக்கும்வரை அந்த வளைந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

அடக்கம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டு ஈரத் துணியோடு திரும்பி வந்தபோது வெயில் தணிந்திருந்தது. வாசலில் சாணம் தெளித்தாகிவிட்டது. சரசம்மா வீட்டிலிருந்து களியும் கீரைச் சாறும் வந்தன. வந்தவர்கள் வாசலிலேயே உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு வாய் தின்றுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாவு வீட்டில் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. எழுந்து போய்விட வேண்டும். வாசல் அப்படியே சத்தமில்லாமல் காலியாயிற்று.

கங்கப்பனும் எழுந்தான். பையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக நடந்தான். பின்கட்டில் நின்றிருந்த சென்னம்மாள் வேலிக்கு மேலாக அவனைப் பார்த்தாள்.

"தம்பி."

அவன் திகைத்து நின்றான்.

"ராயக்கோட்டைக்குப் பஸ்ஸு இருக்குதா?"

"இருக்குதுங்க அண்ணி. யானைங்க உட்டா போயிரும்."

அவன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"இனி மெட்ராசுக்கு நீங்கதான போவணும்?" என்றாள்.

"நான் போவலங்க." தயாராக வைத்திருந்த பதில்போல உடனே வந்தது. "அவரு உக்காற வேண்டிய நாற்காலி. அதுல நான் போயி எப்படி உக்கார்றது? எழுதிப் போட்டுட்றேன், வர முடியாதுன்னு."

"நீங்க போவலன்னா யாரு போவாங்க?"

"மூணாவதா வந்தவரக் கூப்புடுவாங்க. ஆத்தூர்க்காரரு ஒருத்தரு."

"அவரு நல்லா ஆடுவாரா?"

கங்கப்பன் தயங்கினான். "சுமாருதான்," என்றான். பொய் சொல்ல வரவில்லை அவனுக்கு.

"அப்பறம் என்னாத்துக்கு அவர அனுப்பறீங்க?"

அவன் வேலிக்கொடியைக் கிள்ளினான். சென்னம்மாள் கொஞ்சம் கிட்டே வந்தாள். உள்ளே வெங்கடம்மா பாயில் உட்கார்ந்திருப்பது சன்னல் வழியாகத் தெரிந்தது. குரலைத் தணிக்க வேண்டுமென்று தோன்றியது. தணிக்கவில்லை.

"சேலத்துல கடைசி ஆட்டத்துல, நடுவுல எழுந்து வெத்தல போடப் போனீங்களா?"

கங்கப்பன் நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்கு எப்படி…"

"போனீங்களா, இல்லியா?"

"போனேன். அண்ணனோட ராஜா ஓடறதுக்கு எடமே இல்லீங்க. கெலிச்சாச்சுன்னே நெனச்சுட்டேன். எல்லாருந்தான் நெனச்சாங்க."

"திரும்பி வந்து, உக்காறதுக்கு முன்னாடியே காய எடுத்து வெச்சீங்க."

"ஆமா," என்றான் மெதுவாக. "நின்னுக்கிட்டேதான் வெச்சேன்."

"எனக்கு ஆட்டம் தெரியாது தம்பி. எது எங்க போவும்னு கூடத் தெரியாது. ஆனா அன்னிக்கி வந்து படுத்ததுலருந்து அவரு உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தாரு. அந்தப் பையன் என்னவிட நல்லா ஆடறவன்னு சொன்னாரு. தோக்கற நேரத்துல கல்லு மாதிரி உக்காந்திருக்கானாம், அசைக்க முடியலயாம். கெலிக்கற நேரம் வந்தா மட்டும் அவசரப்படறானாம். அங்கதான் அவனப் புடிச்சேன் சென்னான்னு சொன்னாரு."

கங்கப்பனின் வாய் திறந்தபடி இருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தகூட சொல்லலியே."

"சொல்லுங்களேன் அவருகிட்டன்னு நான்கூடச் சொன்னேன். அடி போடி, சொன்னா அடுத்த வருசம் என்ன அடிச்சுருவான்னாரு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டு வேலி ஓரத்தில் நின்று சிரித்துவிட்டோமே என்று புறங்கையால் வாயை மூடிக்கொண்டான். சிரிப்பு கண்ணில் வேறாக மாறி வழிந்தது. சென்னம்மாளின் உதடும் லேசாக இழுத்தது.

"இனிமே அத ஒளிச்சு வெச்சு நான் என்னா பண்ணப் போறேன்," என்றாள். "மெட்ராசுல கெலிக்கற மாதிரி வந்தா, எழுந்துக்காதீங்க. கைய ரெண்டயும் தொடைக்கடியில வெச்சுக்குங்க. வெத்தல அப்பறமா போட்டுக்கலாம்."

"சரிங்க அண்ணி."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே உங்களுக்கு?"

"இல்லீங்க."

"அப்பன்னா போயிட்டு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவனும் எதையோ சொல்ல வந்து விழுங்கினான்.

"சொல்லாம போங்க," என்றாள்.

அவன் திரும்பினான். சந்து முடியும் இடத்தில் ஒரு கணம் கால் தயங்கிற்று. திரும்பிப் பார்க்காமல், பஸ் பிடிக்கப் பெங்களூர் ரோட்டை நோக்கி நடந்து போனான்.

* * *

அந்தி சாயும் நேரம். திம்மராயன் வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தான். அம்மாவைக் காரியம் முடியும்வரை இங்கேயே விட்டுவிட்டுப் போவதாகச் சரசம்மாவிடம் சொல்லியிருந்தான். சென்னம்மாளிடம் நேராகச் சொல்ல அவனால் முடியவில்லை.

நடுவீட்டில் உடம்பு கிடந்த இடத்தில் ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது. வெங்கடம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். சென்னம்மாள் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். மத்தியானத்திலிருந்து அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. களியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தபோது கிழவி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தபோது தட்டில் பாதி குறைந்திருந்தது.

"அவன் போயிட்டானா?" என்றாள் வெங்கடம்மா.

"போயிட்டாரு அத்தே."

தெருவில் யாரோ ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"மெட்ராசுக்குப் போவானாமா?"

"போவாரு."

"வேலியண்ட பேசிக்கிட்டிருந்தியே. கேட்டுச்சு." கிழவி கம்பளி விளிம்பை விரலால் திருகினாள். "எம் மவன விட நல்லா ஆடுவான்னு சொன்னியே."

"அவருதான் அத்தே அப்படிச் சொன்னாரு."

"அவன் சொல்வான். யாரையாச்சும் ஒசத்தியாச் சொல்லாட்டி அவனுக்குத் தூக்கம் வராது. சின்னதுலருந்தே அப்படித்தான்." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். பிறகு மருமகள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஆனா கெலிச்சது எம் மவன்தான?"

சென்னம்மாள் அவளைப் பார்த்தாள்.

"ஆமாங்க அத்தே. அவருதான் கெலிச்சாரு."

"அந்த ஜில்லா பூராவுக்கும்?"

"பூராவுக்கும்."

வெங்கடம்மா தலையை மெல்ல ஆட்டினாள். சிறிது நேரம் கழித்து, கையை ஊன்றி, பாயில் சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். தரையில் குளிர் ஏறத் தொடங்கியிருந்தது. சென்னம்மாள் எழுந்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

மேற்கே ரோட்டில் ஒரு லாரி விளக்குப் போட்டுக்கொண்டு எல்லைப் பக்கமாகப் போயிற்று. ஏற்றத்தில் முக்கி முனகி, பிறகு இறக்கத்தில் இறங்கி, அதன் சத்தம் தேய்ந்து தேய்ந்து முழுதும் அடங்கும்வரை இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.